சீட்டைப் பார்ப்பது எப்போது?

தீபாவளி இரவு. பலகாரம் தின்றாகிவிட்டது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சில ஊர்களில் இனித் திண்ணையில் "மூணு சீட்டு" களைகட்டும்.

ஆளுக்கு மூன்று சீட்டு. அதைப் பார்க்காமலும் ஆடலாம். அதற்குப் பெயர் "பிளைண்டு".

பார்க்காதவர் 1 ரூபாய் வைத்தால் பார்த்தவர் 2 ரூபாய் வைக்க வேண்டும்! செலவு பாதி. முகமும் காட்டிக் கொடுக்காது. தன் சீட்டு தனக்கே தெரியாதே!

அதனால் பழகிய ஆட்டக்காரர்கள் அவசரப்படுவதில்லை. எதிராளி சீட்டை எடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கிறார்கள்.

பந்தயம் ஏறிவிட்டால் கதை வேறு. 52 சீட்டில் 3 சீட்டு 22,100 விதமாக விழலாம். அதில் 16,440 விதம் வெறும் சீட்டு. ஜோடி இல்லை, வரிசை இல்லை, ஒரே சின்னமும் இல்லை. அதாவது, நாலு ஆட்டத்தில் ஏறக்குறைய மூன்று ஆட்டம் கையில் ஒன்றும் இராது!

அப்போது சீட்டைப் பார்த்துக் கவிழ்த்துவிடுவதே புத்தி. சிலர் ரோஷத்தில் பார்க்காமலே ஏற்றுகிறார்கள். மறுநாள் மனைவி பால் பாக்கிக்குப் பணம் கேட்கும்போது விழிக்கிறார்கள்.

பார்க்கும் நேரம் பணத்தைக் கொஞ்சம் காக்கும். சீட்டை மாற்றாது. 1967-ல் ரம்மி வழக்கு ஒன்று சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. ரம்மியில் திறமைக்கே முக்கிய இடம்; அது "மூணு சீட்டு" போல முழுக்க முழுக்க அதிர்ஷ்ட ஆட்டம் அல்ல என்று கோர்ட்டு கூறியது.