பெங்களூரில் பருப்பு வேக நேரம் ஆவது ஏன்?

சென்னையில் இருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்து, ரூம் எடுத்துச் சமைக்கிறவர்கள் ஒரு குறை சொல்வது உண்டு. "அதே பருப்பு, அதே பாத்திரம். இங்கே வேக மாட்டேன் என்கிறதே!"

பழி எல்லாம் தண்ணீர் மேல்தான். உப்புத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகாது என்பது உண்மையே. ஆனால், காற்றுக்கும் இதில் பங்கு உண்டு.

காற்று அமுக்குகிறது

தண்ணீர் சூடாகும்போது நீராவி கிளம்பப் பார்க்கிறது. மேலே உள்ள காற்று அதை அமுக்குகிறது. நீராவியின் அழுத்தம் காற்றின் அழுத்தத்துக்குச் சமமானதும், தண்ணீருக்கு உள்ளேயே குமிழ்கள் உண்டாகிப் பொங்கி வருகின்றன. அதுதான் கொதிநிலை.

கடலோரச் சென்னையில் அது 100 டிகிரி சென்டிகிரேடு. பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அழுத்தம் குறைவு. எனவே 97 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்து விடுகிறது. ஊட்டியில் சுமார் 93 டிகிரி. லடாக்கில் உள்ள லே நகரில் சுமார் 88 டிகிரிதான்!

சூடு குறைந்தால் வேகும் நேரம் கூடும்.

தீயைக் கூட்டலாமா?

பயன் இல்லை. கொதி வந்தபின் எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது. தண்ணீர்தான் வற்றும். 1 லிட்டர் தண்ணீரை முழுவதும் ஆவியாக்கும் வெப்பத்தில், சுமார் 8 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்து விடலாம். சம்பளத்தில் வாங்கிய கியாஸ் ஆவியாகப் போகலாமா? கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடி போடுங்கள்.

குக்கர் செய்யும் வேலை

1679-ம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி டெனிஸ் பாப்பின், ஆவியை அடைத்து வைத்து வேக வைக்கும் பாத்திரத்தைச் செய்து காட்டினார். இன்றைய குக்கருக்கு அதுவே முன்னோடி. ஆவி அடைபட்டதும் அழுத்தம் ஏறுகிறது. தண்ணீர் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமல் சூடேறுகிறது. பருப்பு குழைந்து விடுகிறது.

ஆவி போகும் துவாரத்தில் அடைப்பு இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். ஆவி அடங்கும் முன் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தம் திடீரென்று குறைந்தால், 100 டிகிரிக்கு மேல் சூடேறிய தண்ணீர் ஒரே நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும்.

குடிக்கிற தண்ணீர்?

97 டிகிரியில் கிருமிகள் சாகுமா என்ற பயம் வேண்டாம். தளதளவென்று 1 நிமிடம் கொதித்தால் போதும். ஆற வைத்து, மூடி வைத்துக் குடிக்கலாம்.