விளம்பரம் ஏன் நெஞ்சைத் தொடுகிறது?

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கிடங்கைக் கடக்கும்போது என்ன நினைவு வரும்? சர்க்கரைப் பொங்கலும் பாட்டி வீடும் என்பார்கள் பலர். ஏலத்தின் மணத்திற்கு முக்கியக் காரணம் சினியோல், டெர்பினைல் அசிடேட் என்னும் வேதிப்பொருள்கள். அவற்றுள் பொங்கலும் இல்லை, பாட்டியும் இல்லை! மணமும் மகிழ்ச்சியும் ஆண்டுதோறும் சேர்ந்தே வந்ததால், மூளை இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டது.

ருஷ்ய அறிஞர் பாவ்லவ், நாய்க்கு உணவு தருமுன் ஓர் ஒலியைக் கேட்கச் செய்தார். பலமுறை இப்படிச் செய்தபின், ஒலி மட்டும் கேட்டாலே உமிழ்நீர் ஊறியது. உளவியலார் இதை ஆக்கநிலையிறுத்தம் என்பர்.

தொலைக்காட்சியின் தீபாவளி விளம்பரமும் இவ்வகை முடிச்சைத்தான் போடுகிறது. வெளியூர் மகன் வாசலில் நிற்கிறான்; தாயின் கண் கலங்குகிறது; இசை உயர்கிறது. அந்நேரம் பார்த்து இனிப்புப் பெட்டியோ புடவையோ தோன்றுகிறது. தூர்தர்ஷனில் 1976-இல் விளம்பரங்கள் தொடங்கின. இன்று ஒரே விளம்பரம் நாளெல்லாம் பலமுறை வருகிறது. முடிச்சு இறுகுகிறது. பாசம் நம்முடையது, விற்பனை அவர்களுடையது.

ஒரு சோதனை செய்யுங்கள். பண்டிகை விளம்பரம் ஒன்றை ஒலியுடன் ஒருமுறை, ஒலியின்றி ஒருமுறை பாருங்கள். உருக்கம் குறைகிறதா? பொருளின் தரம், விலை பற்றி எத்தனை நொடி வருகிறது?

போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்டங்களில் காய் எடுத்துவிட்டு, இருட்டும் வேளையில் ஜீப்பில் வீடு திரும்பும் தாய்மார் பலர். அந்தக் கூலியில் ஒன்றைக் கேட்குமுன் எண்ணிப் பாருங்கள்: நாம் விரும்புவது பொருளையா, பாசத்தையா? பாசம் கடையில் இல்லை. ஜீப்பிலிருந்து இறங்கி வந்துகொண்டிருக்கிறது!