'ஃபயர்பால்'னு கத்தினா எதிரி சாய்வாரா? லார்ப் சண்டையில் மந்திரம் வேலை செய்வது எப்படி?

கையில் ஸ்பாஞ்ச் சுற்றிய வாள், உடம்பில் தோல் கவசம். மைதானத்தில் இரண்டு அணிகள் மோதுகின்றன. பின்வரிசையில் நிற்கும் மந்திரவாதி நாலு வரி சொல்லிவிட்டு ஒரு குட்டித் துணிப்பந்தை வீசுகிறார். தோளில் பட்டதும் ஆறடி வீரர் அப்படியே சரிகிறார். அந்தப் பந்து பட்டால் வலிக்கவே வலிக்காது. அப்புறம் ஏன் விழுந்தார்?

லார்ப் என்றால் என்ன?

லைவ் ஆக்‌ஷன் ரோல் பிளே என்பதன் சுருக்கம். மொபைல் கேமில் விரலால் நகர்த்தும் கதாபாத்திரமாக, இதில் ஆளே வேஷம் கட்டி இறங்குவார். இங்கிலாந்தின் பெக்ஃபோர்ட்டன் கோட்டையில் 1982-ல் 'ட்ரெஷர் ட்ராப்' தொடங்கியது. அமெரிக்காவில் 1983-ல் 'ஆம்ட்கார்ட்' வந்தது.

மந்திரம் பலிக்க 3 விஷயம் வேணும்

சொல்: மந்திர வரியை எதிரி காதில் விழும்படி முழுசா சொல்லணும். பல விதிமுறைகளில், நடுவில் அடி வாங்கினாலோ வார்த்தை தடுமாறினாலோ மந்திரம் வீண்.

பொருள்: தானியம் அடைத்த சின்னத் துணி மூட்டை அல்லது மெத்தென்ற பந்து. பல ஆட்டங்களில் அது பட்டால்தான் மந்திரம் பட்டதாகக் கணக்கு.

அளவு: ஒரு ஆட்டத்தில் இத்தனை மந்திரம்தான் என்று வரம்பு உண்டு. இல்லேன்னா வாள் பிடிச்சவருக்கு வேலையே இருக்காது.

தோல் கவசம் காப்பாத்துமா?

மேல்விஷாரம், ஆம்பூர் தோல் தொழிலாளர்களுக்கு இது சுவாரஸ்யமான தகவல். பல ஆட்டங்களில் தோல் கவசத்துக்குப் புள்ளி உண்டு. சில வாள் அடிகளை அது தாங்கும். மந்திரத்தைத் தாங்குமா என்பது அந்தந்த மந்திரத்துக்கான விதியைப் பொறுத்தது.

உண்மையான சக்தி யாரிடம்?

அடி வாங்கியவரிடம்! ஐஸ் மந்திரம் பட்டால் அவரே சிலையாக நிற்கணும். நெருப்பு பட்டால் அவரே விழணும். போலந்தின் சோக்கா கோட்டையில் 2014-ல் தொடங்கிய 'காலேஜ் ஆஃப் விஸார்ட்ரி' இன்னும் ஒரு படி மேல். அங்கே மந்திரம் என்ன செய்தது என்பதையே அது பட்டவர்தான் முடிவு செய்வார். நடுவர் இருந்தாலும் எல்லா அடியையும் பார்க்க முடியாது. பட்டதை 'படலை'னு ஒருத்தர் சாதித்தால் ஆட்டமே காலி.

நம்ம ஊரில் இப்படி உண்டா?

விளையாட்டாக இல்லை, வழிபாடாக உண்டு. ராணிப்பேட்டை, வேலூர், திருவண்ணாமலை மாவட்டக் கிராமங்களின் திரௌபதி அம்மன் விழாவில், பாசுபத அஸ்திரம் வேண்டி அர்ச்சுனன் வேஷக்காரர் உயரமான தபசு மரத்தில் ஏறுவார். படுகளத்தில் மண்ணால் செய்த பிரம்மாண்ட துரியோதனன் உருவத்தைச் சுற்றிப் போர் நடக்கும். பக்தர்களுக்கு அது நேர்த்திக்கடன், நடிப்பு மட்டுமல்ல. ஆனா, வேஷம் கட்டியவர் விழுந்தால்தான் அஸ்திரம் பாய்ந்ததாகத் தெரியும் என்பது இரண்டுக்கும் பொது.

பசங்க ஆடிப் பார்க்கணும்னா?

துணி மூட்டையில் கல், மணல் வேண்டாம். முகத்தைக் குறிவைக்கக் கூடாது. எந்த மந்திரத்துக்கு என்ன விளைவு, எத்தனை நொடி என்று முதலிலேயே பேசி வைக்கணும். 'பட்டா ஒத்துக்கணும்' என்பதையும் சேர்த்துத்தான்.