ராத்திரி நாலு தடவை எழுகிறாரா அப்பா? சுகரை மட்டும் குற்றம் சொல்லாதீங்க!

வேதாரண்யம் பக்கம் உப்பளத்திலும் வயலிலும் உழைத்த பெரியவர் ஒருவர், ராத்திரி நாலு தடவை சிறுநீர் கழிக்க எழுகிறார் என்றால், வீட்டில் வரும் பதில் பெரும்பாலும் இதுதான்: 'சுகர் இருக்குல்ல, அப்படித்தான்.' அது பாதிக் காரணமாக இருக்கலாம். மீதிப் பாதி, சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியில் இருக்கலாம்.

அது என்ன சுரப்பி?

ஆண்களுக்கு மட்டுமே இருப்பது. இளவயதில் சுமார் 20 கிராம். சிறுநீர்க் குழாய் இதன் நடுவே செல்கிறது. வயதாக ஆக சுரப்பி பெருத்து, குழாயை நெருக்கும். 60 வயதில் ஏறத்தாழ பாதி ஆண்களுக்கு இந்த வீக்கம் இருக்கும். இது புற்றுநோய் அல்ல.

சுகருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

தொப்பை, சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு சேர்ந்து இருந்தால் அது 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்'. இது உள்ளவர்களுக்கு புராஸ்டேட் பெரிதாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ரத்தத்தில் கூடும் இன்சுலின் சுரப்பியின் வளர்ச்சியைத் தூண்டலாம். தொப்பைக் கொழுப்பு ஹார்மோன் சமநிலையைக் குலைக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, தமிழகத்தில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. டெல்டாவில் டிராக்டரும் நடவு இயந்திரமும் வந்து உடலுழைப்பு குறைந்துவிட்டது. தட்டில் சோறு மட்டும் குறையவில்லை.

எப்படிப் பிரித்தறிவது?

ஒவ்வொரு தடவையும் நிறையப் போகிறது, தாகமும் அதிகம் என்றால் சுகரைப் பாருங்க. சிறுநீர் வரத் தாமதம், மெலிந்த தாரை, கடைசியில் சொட்டுவது, முழுசாகப் போகாத உணர்வு என்றால் புராஸ்டேட்டைச் சந்தேகிக்கணும். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

செய்யக் கூடாதது எது?

எழுந்திருக்கச் சோம்பி, நாள் முழுக்கத் தண்ணீரைக் குறைப்பது. உப்பள வெயிலில் நிற்கும் உடம்புக்கு அது சிறுநீரகக் கல்லில் கொண்டுபோய் விடலாம். மருந்துக் கடையில் தானாக வாங்கும் சில சளி மாத்திரைகள் சிறுநீரை முற்றிலும் அடைத்துவிடும். அப்படி அடைத்தால் உடனே மருத்துவமனைதான்.

என்ன செய்யலாம்?

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021 முதல் சுகர், பி.பி. மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் அப்பா சொன்னால்தானே சிறுநீர்ப் பிரச்சினை டாக்டருக்குத் தெரியும்? கூச்சத்தில் அவர் சொல்லமாட்டார். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது நீங்களே கேளுங்க; ஸ்கேன், சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போங்க. பி.பி. மாத்திரை சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லுங்க. சில புராஸ்டேட் மாத்திரைகள் எழும்போது தலைசுற்ற வைக்கும். நடைப்பயிற்சி, குறைந்த சோறு, குறையும் தொப்பை ஆகியவை வீங்கிய சுரப்பியைச் சுருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் சுகர் கட்டுக்குள் வந்தாலே, ராத்திரி எழுவதில் ஒன்றிரண்டு தடவை குறையலாம்.