கூர்ந்தறிதலைக் குறிக்கும் ஆங்கில வினைகளும் தமிழ் ஆட்சியும்: மண்டபத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

ஒன்றைக் கூர்ந்து நோக்கி உண்மை அறியும் செயலைக் குறிக்க ஆங்கிலத்தில் பல வினைகள் உள. எக்சாமின், இன்ஸ்பெக்ட், ஸ்க்ரூட்டினைஸ், இன்வெஸ்டிகேட், என்கொயர், சர்வே என்பன அவற்றுள் பெருவழக்கின. அகராதிப் பொருளில் இவை ஒன்றோடொன்று மயங்கினும், ஆட்சியில் பெரும்பாலும் தத்தம் இடத்திலேயே நிற்கின்றன. இன்றைய தமிழ் நாளிதழ் நடையிலும் அலுவலக நடையிலும் இவற்றுள் பலவற்றிற்கு 'ஆய்வு' என்னும் ஒரு சொல்லே நிகராக வழங்குகிறது. இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம், மருத்துவம், கடலறிவியல், இருப்புப்பாதை, குடிபெயர்வு ஆகிய துறைகளின் கூர்ந்தறி செயல்கள் ஒரே கரையில் நிகழ்ந்த ஊராகும். ஆதலின் அவ்வூரைக் களமாகக் கொண்டு இச்சொற்களின் வேறுபாடு இங்கு விளக்கப்படுகிறது.

வேர்ப்பொருள்

எக்சாமின் என்பது தராசின் நாவைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழியது; நிறுத்தறிதல் அதன் அடிப்பொருள். தமிழின் 'சீர்தூக்குதல்' இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. இன்ஸ்பெக்ட் என்பது உள்நோக்குதல். கண்ணே அதன் கருவி. இன்வெஸ்டிகேட் என்பதன் உள்ளே அடிச்சுவடு என்னும் பொருளுடைய சொல் உள்ளது. சுவடு பற்றிச் செல்லுதல் என அது விரியும். ஸ்க்ரூட்டினைஸ் என்பதன் வேர் கந்தலையும் கழிபொருளையும் குறித்த சொல்லோடு தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. கழித்துப் போட்டதையும் விடாது கிளறித் தேடுதல் என்னும் அக்கருத்திற்குத் 'துருவுதல்' அணுக்கமானது. சர்வே என்பது மேலிருந்து பரப்பு முழுவதையும் நோக்குதலாம்.

தமிழின் 'ஆய்தல்' இவற்றின் வேறானது. தொல்காப்பிய உரியியல், உள்ள ஒன்று நுணுகுதலைக் குறிக்கும் நான்கு சொற்களுள் ஒன்றாக ஆய்தலைக் கூறும். கீரை ஆய்தல், மீன் ஆய்தல் என்னும் வீட்டு வழக்குகளில், வேண்டாதன நீக்கி வேண்டுவன கொள்ளுதல் என்னும் பொருள் இன்றும் உயிர்ப்புடன் உள்ளது. அதிகாரமோ ஐயப்பாடோ இச்சொல்லில் இயல்பாக இல்லை என்பது கருதத்தக்கது.

மண்டபத்தில் மூன்று களங்கள்

முதலாவது, முகாம். 1914-இல் பாம்பன் இருப்புப்பாதைப் பாலம் திறக்கப்பட்டுத் தனுஷ்கோடி - தலைமன்னார் வழி அமைந்தபின், இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழகத் தொழிலாளர் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்பின்பொருட்டுச் சில நாள் தங்கவைக்கப்பட்டனர். அங்கு மருத்துவர் உடலைப் பார்த்தது பரிசோதனை. பயணியின் ஊரும் பேரும் கேட்டறிவது விசாரணை. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கையின்படி தாயகம் திரும்பியோரும், 1983-க்குப்பின் போருக்கு அஞ்சிக் கடல் கடந்த ஏதிலியரும் இவ்வூர் முகாமிற்கே வந்தனர். பரிசோதனைக்கு உட்படுபவர் நோயுற்றவராகவோ நோய்க்கு ஆளாகக்கூடியவராகவோ கருதப்படுகிறார். விசாரணைக்கு உட்படுபவர் விடை கூறக் கடமைப்பட்டவர் ஆகிறார். இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பின், எதிரே நிற்பவரின் நிலை மறைந்துபோகும்.

இரண்டாவது, கடல்மீன் ஆராய்ச்சி. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-இல் தோற்றுவிக்கப்பட்டது. 1971-இல் கொச்சிக்கு மாறும்வரை அதன் தலைமையிடம் மண்டபம் முகாமிலேயே இருந்தது. மீனின் இரைப்பையைப் பிளந்து உணவறிதல் எக்சாமின் வகையைச் சாரும். கரையிறங்கும் மீனின் அளவை மாதிரித் தேர்வின்வழிக் கணித்தல் சர்வே வகையின்பாற்படும். முன்னது ஒற்றைப் பொருளின் உள் செல்வது; பின்னது பரப்பினைத் தழுவுவது. முன்னதற்குப் 'பரிசோதித்தல்', பின்னதற்குக் 'கணக்கெடுத்தல்' அல்லது 'மதிப்பாய்தல்' எனக் கொள்ளின் இவ்வேறுபாடு காக்கப்படும். இவ்விரண்டையும் உள்ளடக்கிய அறிவு முயற்சி முழுமைக்கும் 'ஆராய்ச்சி' பொருந்தும்.

மூன்றாவது, பாலம். பழைய பாம்பன் பாலத்திற்கு மாற்றாகக் கட்டப்பட்ட தூக்குப்பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்டது. புதிய இருப்புப்பாதையில் பயணியர் வண்டி ஓடுவதற்குமுன் இருப்புப்பாதைப் பாதுகாப்பு ஆணையர் அதனைப் பார்த்து ஒப்புதல் தருவது விதி. ஆங்கிலம் இதனை இன்ஸ்பெக்ட் என்னும். வகுத்த விதியோடு கண்ட பொருளை ஒப்பிட்டுத் தகுதி கூறும் அதிகாரம் அச்சொல்லின் உயிர்க்கூறு. புதியது காணும் ஆராய்ச்சிக்கு இவ்வதிகாரம் இல்லை. தகுதி கூறும் இன்ஸ்பெக்ட் என்பதற்குப் புதியது காணும் நோக்கம் இல்லை. இதனை 'ஆய்வு' என்பதினும் 'நேர்ச்சோதனை' என்பது தெளிவுடையது.

சட்ட வழக்கு தரும் சான்று

இவ்வேறுபாடு நடைநயம் பற்றியதன்று என்பதற்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் சான்றாகும். 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் காவல்துறை சான்று திரட்டுவது ஒரு சொல்லாலும், நீதித்துறை நடுவர் வழக்கு நடத்துவதற்குமுன் கேட்டறிவது மற்றொரு சொல்லாலும் தனித்தனியே வரையறுக்கப்பட்டன. தமிழ்ச் சட்டநடை முன்னதைப் 'புலனாய்வு' என்றும் பின்னதை 'விசாரணை' என்றும் பிரித்தது. ஆயினும் நாளிதழ்கள் காவல்நிலையத்தில் நிகழ்வதையும் நீதிமன்றத்தில் நிகழ்வதையும் 'விசாரணை' என்றே எழுதுகின்றன. ஒருவரை வினவுபவர் காவலரா நடுவரா என்பதைப் பொறுத்து அவருடைய உரிமைகள் வேறுபடும். சொல் மயங்கும்போது அவ்வேறுபாடு பொதுமக்கள் அறிவிலிருந்து நழுவுகிறது. இதற்கு மாறாக, தேர்தல் வழக்கில் வேட்புமனுக்களைத் துருவி நோக்குதற்குப் 'பரிசீலனை' என்னும் சொல் நிலைபெற்றுள்ளமையால் அங்கு மயக்கம் தோன்றுவதில்லை.

முடிவுரை

கூர்ந்தறிதல் வினைகளைப் பெயர்க்குங்கால் மூன்று வினாக்கள் எழுப்பத்தக்கன: செய்பவர்க்கு என்ன அதிகாரம் உண்டு? நோக்கப்படுவது உடலா, ஆவணமா, பரப்பா, நடந்துபோன செயலா? முடிவில் கிடைப்பது அறிவா, ஒப்புதலா, குற்றச்சாட்டா? இவற்றிற்கு விடை கண்டபின் பரிசோதனை, நேர்ச்சோதனை, பரிசீலனை, புலனாய்வு, விசாரணை, கணக்கெடுப்பு, ஆராய்ச்சி என்பவற்றுள் உரியது தானே அமையும். இச்சொற்கள் அனைத்தும் தமிழில் முன்னரே உள்ளன. பெரும்பாலும் புதிது புனைய வேண்டியதில்லை. மண்டபம் முகாமில் இறங்கிய ஒருவர்க்குத் தம்மிடம் செய்யப்படுவது நோயறியும் முயற்சியா, ஐயந்தீர்க்கும் வினாவா என அறியும் தேவை இருந்தது. உரிய சொல்லைத் தெரிந்து வழங்குதல் அத்தகையோர்க்கு மொழி செய்யும் முதல் உதவியாகும்.