கோகோ வேரின் அந்தரங்கத் துணைவர்

பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்பொன்றில், ஊடுபயிராக நிற்கும் கோகோ மரத்தடியில் குனிந்து, மெத்தைபோல் படிந்த சருகை விலக்கிப் பார்த்தால், ஈரம் கசியும் மண்ணில் மயிரிழை போன்ற வேர்கள் பின்னிக் கிடப்பதையும், உதறினாலும் உதிராத மெல்லிய மண்பூச்சு அவற்றின்மேல் ஒட்டியிருப்பதையும் பிரத்தியட்சமாகக் காணலாம். இந்தச் சிறு பிரதேசத்தின் மகிமையை உணர்ந்து, 1904-ஆம் ஆண்டில் அதற்குத் தனிப்பெயர் சூட்டியவர் லோரன்ஸ் ஹில்ட்னர் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி. நாம் அதை வேர்மண்டலம் என்கிறோம்.

இலைகளில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கை மரம் வேர்வழியே கசியவிட, அதை உண்டு பெருகும் பாக்டீரியாக்களில் பல, உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினையாமல், மண்ணில் கரையாது கிடக்கும் மணிச்சத்தை அமிலங்களால் கரைத்து வேருக்கு அளிக்கின்றன. சூடோமோனாஸ் இனத்தில் சில, மண்ணில் கரைந்து கிடைக்கும் சொற்ப இரும்புச்சத்தைத் தாமே கவர்ந்துகொண்டு நோய்க்கிருமிகளைப் பட்டினி போடுகின்றன. பேசில்லஸ் இனத்தில் சிலவோ, மழைக்காலத்தில் காய்களைக் கறுத்து அழுகச் செய்யும் ஃபைட்டோப்தோரா என்னும் நோய்க்கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் திரவியங்களைச் சுரக்கின்றன. ஆயினும், ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் வெல்லும் நுண்ணுயிர், வெயிலும் மழையும் மாறிமாறி அடிக்கும் தோப்பிலும் வெல்லும் என்பது நிச்சயமல்ல.

ஆகையால், புட்டியில் அடைத்த நுண்ணுயிரைத் தேடிப் புறப்படுமுன், மண்ணில் ஏற்கெனவே வாழும் துணைவர்களைப் பேணும்பொருட்டு, உதிர்ந்த சருகைக் கூட்டி எரிக்காமல் மரத்தடியிலேயே மக்கவிடுமாறு கோகோ வளர்க்கும் அன்பர்களை வேண்டிக்கொள்கிறேன்.