தீப்பறவைப் பெட்டியும் அம்பாசமுத்திரம் சொப்பும்

ஹாஸ்டலில் நண்பனோட மேசையில் கருப்பா, பளபளன்னு ஒரு குட்டிப் பெட்டி இருக்கு. மூடியில் தீப்பறவையைப் பிடிக்கப் போகும் இளவரசன். அவன் மாமா ரஷ்யாவிலிருந்து கொண்டு வந்தது. மரம்னு நினைச்சேன், இல்லை, காகித அட்டை! அட்டைகளைப் பசை தடவி அடுக்கி, அழுத்தி, ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்து, அடுப்பில் வாட்டினால் மரம் மாதிரி இறுகிவிடுமாம்.

பாலேக் என்ற கிராமம் இதுக்குப் பேர் போனது. தலைமுறை தலைமுறையா அங்கே சர்ச்சுக்குப் புனிதர் படம் வரைஞ்சவங்க. 1917 புரட்சிக்குப் பிறகு அதை வாங்க ஆளில்லை. அதே தூரிகை, அதே முட்டை மஞ்சக்கரு கலந்த வண்ணம், ஆனா இப்போ நாட்டுப்புறக் கதைகள். 1924ல் கூட்டுறவுக் குழுவாகவே சேர்ந்துட்டாங்க. தங்கக் கோடுகளை மெருகேற்ற ஓநாய்ப் பல்! கடைசியில், படத்தைக் காக்க மேலே பல பூச்சு வார்னிஷ்.

நான் சங்கரன்கோவில்காரன். சின்ன வயசில் ஆடித்தபசுக் கடையில் வாங்கின மரச்சொப்பிலும் இதே பளபளப்புதான். ஆனா அம்பாசமுத்திரத்தில் அதைச் செய்யும் விதமே வேற. லேத்தில் மரத்துண்டைச் சுழலவிட்டு உளியால் கடைஞ்சு, நிறம் சேர்த்த அரக்குக் குச்சியை அது மேல அழுத்திப் பிடிப்பாங்க. உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் படியும். தூரிகை வேண்டாம், காயக் காத்திருக்கவும் வேண்டாம். அப்புறம் தாழை மடலால் தேய்ச்சா பூச்சு சமமாகி மினுங்கும். அரக்குங்கிறது மரக்கிளையில் வாழும் ஒரு பூச்சி சுரக்கும் பிசின். இங்கே பூச்சுதான் நிறமே.

தேர்ட் இயர்ல ஃபிரிக்ஷன் படிச்ச தைரியத்தில் காலேஜ் ஒர்க்ஷாப்பில் முயற்சி பண்ணினேன். லேசா அழுத்தினா அரக்கு ஒட்டலை. பலமா அழுத்தினா கட்டியா அப்பிக் கருகிடுச்சு. அந்தக் கைப்பக்குவம் நம்ம லேப் மேனுவலில் இல்லை.

எனக்கொரு ஆசை. சங்கன், பதுமன்னு ரெண்டு நாகராஜாக்கள், சிவன் பெரியவரா பெருமாள் பெரியவரான்னு சண்டை போட்ட கதை எங்க ஊருடையது. பெட்டி மூடிக்கு இதைவிட என்ன வேணும்? யாராவது வரைஞ்சா முதல் ஆர்டர் என்னுடையது.

ஆனா போன ஆடித்தபசில் அக்கா மகளுக்குச் சொப்பு தேடினப்போ, நான் பார்த்த கடையெல்லாம் பிளாஸ்டிக் கிச்சன் செட்தான். அம்பாசமுத்திரத்துக்கே பஸ் ஏறி வாங்கிட்டு வந்தேன். படமே இல்லாத அந்தச் சின்னப் பானையில் அவ மூணு நாளா ரசம் வைக்கிறா. உப்பு கம்மின்னு சொன்னேன், கோவிச்சுக்கிட்டா.